சிவப்பு ரிப்பன் மூன்று

எங்கள் பக்கத்தில் விமானப்படை என்றால் பைலட் என்றுதான் அர்த்தம். லீவில் வந்து மாதனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "இன்னாப்பா, இந்த வாட்டி எங்கெங்க பறந்த?" சேர்ந்த புதிதில் பொறுமையாக விளக்குவேன். நான் பறப்பதில்லை அண்ணே, விமானத்தில் ஆயுதம் மாட்டுகிறவன், அதைப் பழுது பார்க்கிறவன் என்பேன். "ஓ, மெக்கானிக்கா" என்று அவர் முகம் தொங்கிப்போகும். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறும். நாலைந்து லீவுக்குப் பிறகு எனக்கே அலுத்துவிட்டது. "எல்லா எடமும்தாண்ணே, காஷ்மீர்கூட" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

மெக்கானிக் இல்லை. இங்கேயாவது அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு ஒரு கூட்டம், ரேடியோவுக்கு ஒரு கூட்டம், சக்கரத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரு கூட்டம் என்று ஒரு போர் விமானத்தைச் சுற்றி எத்தனையோ பேர். அதில் வெடிப்பது, சீறுவது, சுடுவது எல்லாம் எங்களுடையது. குண்டு, ராக்கெட், துப்பாக்கி, ஏவுகணை, அவற்றை மாட்டுகிற கொக்கி, கொக்கியைத் திறக்கிற மின்கம்பி வரைக்கும். நாங்கள் கையெழுத்துப் போடாதவரை அது வெறும் விமானம். போர் விமானம் ஆவது எங்கள் கையால்தான். இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி "ஆரம்பிச்சிட்டாரு" என்பாள்.

என் பிரிவு ஏவுகணை. எந்த விமானம், எந்த ஏவுகணை, எந்தத் தளம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பெட்டியிலிருந்து எடுத்துத் துடைப்போம். கருவியில் பொருத்திச் சோதிப்போம். நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய், இறக்கைக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் சறுக்கி ஏற்றுவோம். கடைசியில் 'டக்' என்று ஒரு பிடிப்பு விழும். விமானங்கள் இரைகிற இடத்தில் அந்தச் சத்தம் காதுக்குக் கேட்காது. உள்ளங்கைக்குத்தான் தெரியும். எனக்கு இப்போதும், மாதனூரில் பீரோ கதவைச் சாத்தும்போதுகூட, உள்ளங்கை அந்த டக்கைத் தேடுகிறது.

ஏற்றியாயிற்றா, விமானம் போகும். ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். ஏவுகணையும் கூடவே வரும். இறக்கிப் பெட்டியில் வைப்போம். மறுநாள் மறுபடியும் எடுத்து ஏற்றுவோம். அதை லேசில் சுட்டுவிட மாட்டார்கள். இப்படி ஏற்றியும் இறக்கியும் எனக்குப் பத்தொன்பது வருஷம் போயிருந்தது. நான் தொட்ட ஏவுகணைகளில் ஒன்றுகூடத் தண்டவாளத்தை விட்டுப் போனதில்லை. மற்றப் பிரிவுக்காரர்களுக்கெல்லாம் அவர்கள் பார்த்து அனுப்பியது பத்திரமாகத் திரும்பி வந்தால் சந்தோஷம். திரும்பி வரக்கூடாது என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தத் தளத்தில் நாங்கள் மட்டும்தான்.

என் மனைவி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். விடிந்ததும் கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வந்துவிடும். நான் லீவில் இருக்கிற நாட்களில் அவளை ஏற்றிவிடப் போவேன். பஸ்ஸுக்காக நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எங்கள் குடும்பப் பேச்செல்லாம்.

"பத்தொம்பது வருஷமா ஒண்ணுகூடப் போவலியா? அப்புறம் இன்னாத்துக்குங்க அதைத் தொடச்சிக்கினே இருக்கீங்க?"

"போற அன்னிக்குப் போவணுமில்ல?"

"நானும்தான் தைக்கிறேன். ஜெர்மனி போவுது, இத்தாலி போவுது. எந்தக் காலு போட்டுக்குதோ. ஒரே ஒரு வெள்ளக்காரன் காலையாவது பாத்துட்டா பரவால்ல." பிறகு அவளே சிரித்துவிட்டுச் சொல்வாள்: "நல்லாத்தான் ஜோடி சேத்தாங்க நம்மள."

பணி முடிய ஐந்து மாதம் இருக்கும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஏவுகணைக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் தீரப்போகிற ஒன்றிரண்டைக் கடலின் மேல் இலக்கு வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். அந்த வாய்ப்பு எந்தக் குழுவுக்கு விழும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். பட்டியலில் ஏற்றும் குழுவின் தலைவன் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஒரு தடவை படித்தேன். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு அவனையும் படிக்கச் சொன்னேன். அவன் ராஜஸ்தான்காரன், என்னோடு மூன்று வருஷமாக ஏவுகணை தூக்குகிறவன். தன் பெயரும் கீழே இருப்பதைப் பார்த்தவன் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டான். இரண்டு வளர்ந்த ஆண்கள் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்ததை எங்கள் அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

அதிகாரி இமாசலத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேச்சு குறைவு, பார்வை ஜாஸ்தி. நான் லீவு முடிந்து வரும்போதெல்லாம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவருவேன். அதில் மட்டும் அவருக்குக் கட்டுப்பாடு கிடையாது. என் இந்தியைக் கேட்டு மட்டும் சிரிப்பார். நான் இந்தி படித்தது ஆம்பூர்ப் பக்கத்து உருதுக்கார தோஸ்துகளிடம். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றும் ஆமாம் என்பதற்கு 'ஹௌ' என்றும் சொல்கிற இந்தி. வடக்கே அதை இந்தி என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். எதுவும் சொல்லக்கூடாது. "ஒரு வேலையா வெளியூர் போறேன், ரெண்டு வாரம் ஆவும்" என்றேன்.

"குரல் இன்னா ஒரு தினுசா இருக்குது? பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி பேசுறீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி, சரி. போய்ட்டு வாங்க. பொண்ணு நல்லா இருந்தா எனக்கும் சொல்லுங்க."

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதனூரைச் சுற்றிப் பல வீடுகளில் ஷூவின் மேல்பாகத்தை வாங்கிவந்து கையால் தைப்பார்கள். ஊசி தரையில் விழுந்தால் யார் காலிலாவது ஏறிவிடும். அதனால் தையலை விட்டுக் கை எடுத்தால் ஊசி தானாக உடுப்புக்குப் போய்விடும். பெண்களுக்கு ஜாக்கெட் தோளில், ஆண்களுக்குச் சட்டையின் கழுத்துப் பட்டியில். சோறு போட எழுந்தாலும் சரி, பக்கத்து வீட்டோடு சண்டைக்கு எழுந்தாலும் சரி, ஊசி அங்கே மின்னிக்கொண்டிருக்கும். பிளஸ் டூ முடிகிறவரைக்கும் அம்மாவோடு உட்கார்ந்து தைத்தவன் நான். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கை தானாகவே செய்துவிடும்.

ஏவுகணையில் சேஃப்டி பின் என்று ஒன்று உண்டு. புடவைக்குக் குத்துவது இல்லை. விரல் நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி, தலையில் வளையம், வளையத்தில் முழ நீளச் சிவப்பு ரிப்பன். எங்கள் ஏவுகணைக்கு அப்படி இரண்டு. அவை செருகியிருக்கிறவரை ஏவுகணை பெட்டிப் பாம்பு. பைலட் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. விமானம் ஓடுபாதைக்குத் திரும்புகிற கடைசி இடத்தில், எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, குழுத் தலைவன் இறக்கைக்கு அடியில் போய் இரண்டையும் உருவ வேண்டும். வெளியே வந்து கையைத் தூக்கிப் பைலட்டிடம் காட்ட வேண்டும். பைலட் எண்ணிப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் புறப்பாடு.

பயிற்சிக் காலத்தில் முதல் தடவை பின்னை உருவியதும் நான் அதை என் கழுத்துப் பட்டிக்குள் செருகிக்கொண்டேன். "இது என்ன தையல்கடையா?" என்று சொல்லித்தருகிறவர் கத்திய கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. அன்றோடு பழக்கம் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சுடப்போகிற நாள் வந்தது. கடலோரத்தில் ஒரு தளம். முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய். காலையில் ஷெட்டில் ஒத்திகை. வெடிமருந்து இல்லாத டம்மி ஏவுகணை ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒரு முறை செய்து பார்த்தோம். அதற்கும் இரண்டு பின் உண்டு. உருவினேன், காட்டினேன், எல்லாம் ஜோர். அதற்குள் "வண்டி வந்தாச்சு" என்று குரல் வந்தது. நான் பாதி ஓட்டத்தில் பின்களை ஒத்திகைப் பின் மாட்டுகிற பலகையில் மாட்டிவிட்டு, சரிபார்ப்புத் தாளில் டிக் போட்டுவிட்டு, லாரியில் தாவி ஏறினேன்.

பிறகு நிஜ ஏவுகணை. அதைத் தூக்கும்போது எங்கள் நாலு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்பது வருஷமாக என் கையில் வளர்ந்த ஏவுகணை அது. அதன் உடம்பில் எந்த இடத்தில் பெயின்ட் கீறியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். தண்டவாளத்தில் சறுக்கினோம். உள்ளங்கையில் டக். ராஜஸ்தான்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இதுதான் கடைசி டக், உஸ்தாத்" என்றான்.

கடைசி இடத்தில் விமானம் நின்றது. வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து முகம் எரிந்தது. குனிந்து இறக்கைக்கு அடியில் போனேன். உருவினேன். வெளியே வந்து கையை உயர்த்தினேன். சிவப்பு ரிப்பன் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. பைலட் இரண்டு விரலைக் காட்டினார். நான் சல்யூட் அடித்தேன். விமானம் திரும்பி, உறுமி, ஓடி, எழும்பிப் போனது. கூடவே இன்னொரு விமானமும் போனது. சுடுவதைப் பக்கத்தில் இருந்து படம் பிடிப்பது அதன் வேலை. நாங்கள் லாரிக்கு அருகில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம்.

கத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தலையைப் பின்னால் சாய்த்தபோது கழுத்துக்குள் ஏதோ குத்தியது. கையை விட்டேன். எஃகுக் கம்பி. இழுத்தால் சிவப்பு ரிப்பன் வந்தது.

என் இடது கையில் இரண்டு பின். வலது கையில் ஒன்று. மொத்தம் மூன்று. விமானத்திலிருந்து வந்திருக்க வேண்டியவை இரண்டு. அப்படியானால் மூன்றாவது காலை ஒத்திகையில் உருவியது. ஒத்திகையில் உருவிய இரண்டில் ஒன்றைப் பலகையில் மாட்டி, ஒன்றைக் கழுத்தில் செருகியிருந்தால் கணக்கு சரி, பயமில்லை. ஆனால் இரண்டையுமே செருகிக்கொண்டு ஓடிவந்திருந்தால்? அப்போது இந்த மூன்றில் இரண்டு ஒத்திகைப் பின். விமானத்திலிருந்து நான் உருவியது ஒன்றே ஒன்று; அதோடு பைலட்டிடம் காட்டிய இரண்டாவது, கை தானாகக் கழுத்திலிருந்து இழுத்ததாக இருக்கும். இன்னொன்று இறக்கைக்கு அடியில், ஏவுகணைக்குள், கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். காலையில் என்ன செய்தேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். கை செய்த காரியம் மூளைக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொல்கிறேன். என் முதல் யோசனை அந்த மூன்றாவது பின்னைப் புதரில் வீசிவிடுவதுதான். ஐந்து மாதம் ஓட்டினால் ஓய்வு. யாருக்கும் தெரியாது. ஏவுகணை போகாவிட்டால் பழசாகிவிட்டது, கோளாறு என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

கோளாறு என்று எழுதுவார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அதில் எந்தக் கோளாறும் கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஒரு சோதனையில்கூட அது தோற்றதில்லை. என் கழுத்துப்பட்டிப் புத்திக்காக அது கெட்ட பெயரோடு குப்பைக்குப் போக வேண்டுமா? நான் அதிகாரியின் ஜீப்பைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

"மேடம், மூன்று பின்" என்று கையை நீட்டினேன். மூச்சு வாங்கியது. என் இந்தி முழுக்க ஆம்பூர் ஆகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"காலையில் ஒன்றைப் பலகையில் மாட்டினாயா, இல்லையா?"

"மாட்டின மாதிரி இருக்கு, மேடம்."

"மாதிரியா?"

அவர் ஒரு வினாடிதான் யோசித்தார். ராஜஸ்தான்காரனைக் கூப்பிட்டு, ஷெட்டுக்குப் போன் போட்டு, பலகையில் எத்தனை தொங்குகிறது என்று கேட்கச் சொன்னார். அவர் ரேடியோவை எடுத்தார். கூடப் போகிற விமானம் அருகில் போய், சுடப்போகிற விமானத்தின் வலது இறக்கைக்கு அடியில் சிவப்பாக ஏதாவது பறக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். காரணம் கேட்டார்கள். "பின் எண்ணிக்கையில் சந்தேகம்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு குறுகியிருக்க மாட்டேன்.

இந்தப் பக்கம் ராஜஸ்தான்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு துடிக்கிறான். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. எப்படி எடுப்பார்கள்? ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஏவுகணை கிளம்புவதைப் பார்க்க வேலியோரம் வந்து நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோ கரகரத்தது. "சிவப்பு இல்லை. சுத்தமாக இருக்கிறது."

ஆனால் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ரிப்பன் காற்றில் பிய்ந்து போயிருந்தால்?" நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரிப்பன்களின் தையல் லட்சணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அப்படித் தைத்துக் கொடுத்தால் திருப்பி முகத்தில் எறிவார்கள்.

ஒருவழியாக ஷெட்டில் போனை எடுத்தார்கள். எடுத்தவர் அங்கே பெருக்குகிற பெரியவர். ராஜஸ்தான்காரன் பலகை எந்த மூலையில் இருக்கிறது என்று கத்திக் கத்திச் சொன்னான். அவர் போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து, நிதானமாகத் திரும்பி வந்து சொன்ன ஒரே வார்த்தை: "ஏக்."

ஒன்று! பலகையில் ஒன்று இருக்கிறது! அப்படியானால் என் கையில் இருப்பதில் ஒன்றுதான் ஒத்திகையுடையது. மற்ற இரண்டும் விமானத்துடையது. ஏவுகணை விடுதலையாகத்தான் போயிருக்கிறது. ராஜஸ்தான்காரன் போனையே முத்தமிட்டான்.

மேடம் ரேடியோவில் "தொடரலாம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் மூன்று பின்னையும் வாங்கிக்கொண்டார். "நீ லாரிக்குப் பக்கத்திலேயே நில். விமானம் வந்தால் தொடாதே" என்றார். ரேடியோவோடு ஜீப்பில் ஏறி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்விட்டார். இனி கடலில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. விமானம் திரும்பி வந்தால்தான் தெரியும்.

அது வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தண்டனை கிடைத்தது. மீதி ஐந்து மாதமும் நிஜ ஏவுகணைப் பக்கம் போகக் கூடாது. அதோடு, எங்கள் பிரிவின் எல்லாப் பின் ரிப்பன்களிலும் எண் தைக்கிற வேலை. எந்த ரிப்பன் எந்த ஏவுகணையுடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும் என்பது மேடத்தின் யோசனை. எனக்குத் தைக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மெழுகு தேய்த்த நூலில், ஷூவுக்குப் போடுகிற இரட்டைத் தையலில் நான் எண்களைத் தைத்துத் தள்ளியதைப் பார்த்துப் பையன்கள் வாய் பிளந்தார்கள். ஊருக்கு வந்த பிறகு மனைவியிடம் சொல்லக்கூடிய அளவுக்கு இதைச் சொன்னேன். அவள் அசரவில்லை. "எங்க கம்பெனில ஊசி முனை ஒடஞ்சா, எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டுல ஒட்டிக் காட்டுனாத்தான் வேற ஊசி குடுப்பாங்க. ஏரோப்ளேன் கம்பெனில அதுகூட இல்லியா?" என்றாள். அப்போது இல்லை என்றேன்.

சரி, ஓடுபாதைக்கு வருகிறேன்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு கடல் பக்கம் ஒரு புள்ளி, கூடவே இன்னொரு புள்ளி. வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டார்கள். எங்கள் விமானம் இறங்கித் தரை தொட்டு, வேகம் குறைந்து, எங்களை நோக்கித் திரும்பியது. ஏவுகணை ஏற்றியது வலது இறக்கையில். பாழாய்ப்போன விமானம் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தது! நான் லாரியின் படியில் ஏறினேன். தெரியவில்லை. லாரியின் முன்பக்கத்து மூடி மேலேயே ஏறிவிட்டேன். டிரைவர் உள்ளிருந்து திட்டினான். அப்போதும் தெரியவில்லை.

விமானத்தின் அருகே ஓடிய ராஜஸ்தான்காரனுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன் நின்றான். என் பக்கம் திரும்பினான். இரண்டு கையையும் அகல விரித்து, உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று காட்டினான். பிறகு அந்த வெயிலில் பங்க்ரா ஆட ஆரம்பித்தான்.

விமானம் திரும்பியது. வலது இறக்கை தெரிந்தது. தண்டவாளம் காலி. வெறும் தண்டவாளம், அதன் நீளத்துக்குக் கருப்பாக ஒரு புகைத் தீற்றல். பத்தொன்பது வருஷமாக அந்த இடம் நிறைந்தே வந்து நின்றதைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காலி இடம் அவ்வளவு அழகாக இருந்தது. நான் லாரி மேல் நின்றுகொண்டு கத்தினேன், சிரித்தேன், அழுதேன். எந்த வரிசையில் என்று நினைவில்லை. வேலியோரக் கூட்டம் விசில் அடித்தது. போய்த் தொட வேண்டும் போல இருந்தது, அந்தக் கரியைக் கையில் பூசிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தொடக்கூடாது என்று உத்தரவு. தொடவில்லை. ராஜஸ்தான்காரன் தன் விரலில் கொஞ்சம் கரியை எடுத்துவந்து என் நெற்றியில் வைத்துவிட்டான்.

மத்தியானம் மேடம் அறைக்குக் கூப்பிட்டார். நெற்றிக் கரியைத் துடைக்க மறந்து போய் நின்றேன். அவர் அதைப் பார்த்தார். இலக்கு என்னவாயிற்று என்று கேட்டேன். "நடுவில் அடித்தது" என்றார். மேசை மேல் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளைத் தாள். இன்னொன்று அந்த ஏவுகணையின் பதிவுப் புத்தகம். ஒவ்வொரு ஏவுகணைக்கும் பிறந்தது முதல் என்னென்ன செய்தோம் என்று எழுதி வைக்கிற புத்தகம்.

"முதலில் தாள்" என்றார். பின்னைக் கழுத்தில் செருகியது நான், எண்ணாமல் டிக் போட்டது நான் என்று எழுதினேன். மூன்று வரிதான் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. கூச்சமும் இல்லை, பயமும் இல்லை.

பிறகு அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். ராஜஸ்தான்காரனைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்திருந்தேன். விமானத்தைத் தொடாதே என்றவர் இதை எழுத விடுவாரா? "ஏற்றியது நீதானே? எழுது" என்றார். பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பது வருஷமாக என் கையெழுத்து. சோதித்தது, நல்ல நிலை. ஏற்றியது. இறக்கியது. சோதித்தது, நல்ல நிலை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வைத்தேன். எழுத்து வரவில்லை. கை ஆடுகிற ஆட்டத்தில் முதல் எழுத்தே கோணிப்போயிற்று.

"ஏன் நடுங்குகிறாய்? தண்டனையை நினைத்தா?" என்றார்.

"நக்கோ மேடம். 'சுடப்பட்டது'ன்னு நான் இதுவரைக்கும் எழுதுனதே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நான் எழுதி முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, கோணல்மாணலான என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.